பாம்பின் தண்ணீர்க் கிண்ணம்

சந்தேகப்படுவது எனக்குப் பிறவிக்குணம். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்காமல் முட்டை வாங்கமாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் சிரித்தால், ஏன் சிரித்தார் என்று இறங்கும்வரை யோசிப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தி, வீட்டுக்கு ஒரு மலைப்பாம்பைக் கொண்டுவரட்டுமா என்று கணவரிடம் கேட்கிறாள். அவர் மறுபேச்சில்லாமல் "ஓம், கொண்டு வாரும்" என்கிறார். எனக்கு உடனே மூக்கில் வியர்த்துவிட்டது.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. லண்டனில், இல்ஃபோர்டில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். நான் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளர். சோதனைக் குழாய் கழுவுவது, அமிலம் அளந்து வைப்பது, அங்கே வளர்த்த வெட்டுக்கிளிக்கும் எலிக்கும் சாப்பாடு போடுவது எல்லாம் என் வேலை. அந்த மலைப்பாம்பும் என் பொறுப்பில்தான் இருந்தது. ஆபிரிக்காவின் சின்ன இனம், முழுதாக வளர்ந்தாலும் ஓர் ஆளின் உயரம் வராது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். அதைக் கொண்டுவந்த உயிரியல் ஆசிரியை வேலை மாறி வேறு நகரத்துக்குப் போனார். அவருடைய இடத்துக்கு வந்தவர் பாம்பிருக்கும் அறைக்குள் கால் வைக்கவே மறுத்தார். ஆகவே அதற்கு ஒரு வீடு தேவைப்பட்டது.

அதற்கு முன்பு நான் பூனை கேட்டிருக்கிறேன். மயிர் கொட்டும் என்றார் என் கணவர். கிளி கேட்டேன், சத்தம் போடும் என்றார். மீன்தொட்டி கேட்டபோது, தண்ணீர் மாற்றுவது யார் என்றார். அப்படிப்பட்ட மனிதர் பாம்புக்குத் தலையாட்டினால் அதில் ஏதோ விஷயம் இருக்கத்தானே வேண்டும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிப் படி ஏறி இறங்கி, இரண்டு பேரிலும் குறை இல்லை என்று டாக்டர்மார் சொல்லி, பிறகு ஊசியும் மருந்துமாகச் சிகிச்சையும் செய்து பார்த்தாயிற்று. ஒன்றும் சரிவரவில்லை. எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக இன்னும் ஒருமுறை முயலலாம், பிந்தினால் வயது காரணமாக எடுக்கமாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் சரி என்றேன். அவர் "போதும்" என்றார். ஏன் என்று கேட்டால் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைப்பார்.

அவருக்குப் பிள்ளை ஆசையே இல்லை என்று நான் முடிவு கட்டினேன். அதற்கு என்னிடம் சாட்சியும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வருவார், ஆனால் அவரைக் கூப்பிடும்வரை உள்ளே வராமல் காருக்குள் இருந்து பேப்பர் வாசிப்பார். குழந்தையோடு யாராவது வீட்டுக்கு வந்தால் தோட்டத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விடுவார். இப்போது பாம்புக்கு ஓம் சொன்னது எதற்காக என்றும் எனக்குத் தெரிந்தது. பிள்ளைக் கதையை ஒரேயடியாக மூடுவதற்கு என் கையில் ஒரு விளையாட்டுச் சாமானைத் தருகிறார். அதை வாங்கிக்கொண்டு வாயை மூடிவிடுவேன் என்று நினைக்கிறாராக்கும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

ஆனால் கூடு செய்வதில் அவர் காட்டிய அக்கறையைக் குறை சொல்ல முடியாது. கடைகளுக்குள் அலமாரியும் கண்ணாடி மேசையும் செய்து பொருத்துவதுதான் அவர் தொழில். கடை பூட்டிய பிறகுதான் அந்த வேலை தொடங்கும் என்பதால் மத்தியானம்வரை வீட்டில் இருப்பார். சாப்பாட்டு அறையில், மாடிப்படிக்கு எதிரே இருந்த சுவரோரம் பாம்புக்கு இடம் ஒதுக்கினோம். ஈரம் ஊறாத வெள்ளைப் பூச்சுப் பலகையில் பெட்டி அடித்தார். மூலைகளில் சிலிக்கோன் பசை பூசினார். பசையின் நெடி அடங்கும்வரை பாம்பை உள்ளே விடக்கூடாது என்று நான் சொன்னபோது, ஒவ்வொரு நாளும் தலையை உள்ளே விட்டு மணந்து பார்த்தார். முன்பக்கத்துக்கு வழுக்கிக்கொண்டு திறக்கும் இரண்டு கண்ணாடிகள். அவற்றுக்கு நகைக்கடைகளில் போடுகிற கண்ணாடிப் பூட்டு. பாம்புக்குக் கை இல்லாவிட்டாலும் மூக்கு இருக்கிறது, வழுக்கும் கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிடும் என்று நான்தான் பூட்டுக் கேட்டேன். இரண்டு திறப்புகள் இருந்தன. ஒன்று என் கைப்பையில். மற்றது குசினிக் கதவுக்குப் பின்னால், அவருடைய ஆணியில்.

முதல் முயற்சி படுதோல்வி. அவர் நகைக்கடைக்குச் செய்து பழகிய கை. நாற்புறமும் வெளிச்சம், நடுவில் ஒன்றும் இல்லை, எங்கிருந்து பார்த்தாலும் சாமான் தெரிய வேண்டும். பாம்பு அதற்குள் போன நாளிலிருந்து ஒரு மூலையில் மூக்கைத் தேய்த்தபடி கிடந்தது. எலியைக் கொடுத்தால் திரும்பியும் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களின் புத்தி அப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். வீட்டுக்கு வந்தவரை வெளிச்சமான முன்னறையில், பெரிய கதிரையில், எல்லாருக்கும் தெரியும்படி இருத்தினால்தான் மரியாதை. பாம்புக்கும் அதே உபசாரத்தைச் செய்துவிட்டோம்.

பழைய உயிரியல் ஆசிரியைக்கு ஃபோன் எடுத்தேன். அவர் சிரித்துவிட்டு விளங்கப்படுத்தினார். அதற்கு இடம் பெரிதாக இருப்பது முக்கியமில்லை, ஒளிய இடம் இருக்க வேண்டும். அந்த ஒளிப்பிடமும் விசாலமாக இருக்கக்கூடாது. சுருண்டு படுத்தால் உடம்பு எல்லாப் பக்கமும் முட்ட வேண்டும். அப்போதுதான் அதற்குப் பயம் தெளியும். சூடான பக்கத்தில் ஒன்று, குளிரான பக்கத்தில் ஒன்று என்று இரண்டு ஒளிப்பிடங்கள் வேண்டும், இல்லாவிட்டால் பாதுகாப்புக்காகச் சூட்டையோ, சூட்டுக்காகப் பாதுகாப்பையோ அது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

டூட்டிங்கில் எங்கள் ஆட்களின் கடைக்குப் போய் இரண்டு புது மண்சட்டி வாங்கிவந்தேன். பழைய சட்டியில் மீன்குழம்பு ஊறியிருக்கும், அந்த மணத்தில் பாம்பு என்ன நினைக்குமோ என்று ஒரு யோசனை. அவர் சட்டி விளிம்பில் வாசல் வெட்டி, பாம்பின் வயிற்றில் கீறாதபடி அரத்தால் ராவி மழுமழுப்பாக்கிக் கவிழ்த்து வைத்தார். பல்பைச் சுற்றிக் கம்பிவலைக் கூடு போட்டார், பாம்பு அதில் சுற்றிக்கொண்டு சுட்டுக்கொள்ளாமல் இருக்க. சூடு ஏறினால் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட்டையும் பொருத்தினார். பலகையில் காற்றுத் துளைகள் வைத்தார். இழுத்தால் கவிழாத கனத்த பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். தரையில் விரிக்கப் பழைய பேப்பர் எடுத்தபோது மட்டும் என் கை தயங்கியது. தமிழ் எழுத்தின்மேல் பாம்பு மலம் கழிக்க மனம் ஒப்பவில்லை. வாசலில் இலவசமாகப் போட்டுவிட்டுப் போகும் இங்கிலீஷ் பேப்பரைத்தான் விரித்தேன்.

அடுத்த கிழமை பாம்பு எலியைச் சாப்பிட்டது. நானும் அவரும் குனிந்து நின்று அதைப் பார்த்தோம். வெகுநாளைக்குப் பிறகு ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். நான்தான் அதையும் கெடுத்தேன். "இதுக்கு மட்டும் உங்களுக்கு நேரம் இருக்குது" என்றேன். அவர் கண்ணாடியைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பாம்பு வந்தபின் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவது குறைந்தது. அதை நான் லாபக் கணக்கில்தான் எழுதினேன். வந்துகொண்டே இருந்தவர் என் மச்சாள் ஒருத்திதான், என் கணவருடைய தமக்கை. டூட்டிங்கிலிருந்து ஞாயிறுகளில் வருவார். பாம்பிருந்த அறைக்குள் மட்டும் வரமாட்டார். நடையில் நின்றபடியே, பாம்பு வருமுன்பிருந்தே சொல்லிவந்த பழைய கதையைத் தொடங்குவார்.

"தம்பிக்கு நாகதோஷம் எண்டு சாத்திரியார் குறிப்பைப் பாத்தவுடனை சொன்னவர். ஊர் எண்டால் ஒரு புற்றுக்குப் பாலும் முட்டையும் வைச்சிட்டு வந்திருக்கலாம். லண்டனிலை புற்றுக்கு எங்கை போறது எண்டு நான் யோசிக்கிறன், நீங்கள் என்னடா எண்டால் பாம்பைக் கூட்டுக்கை அடைச்சு வைச்சிருக்கிறியள். இருக்கிற தோஷமும் கூடப்போகுது."

என் கணவர் சிரித்தார். "புற்றுக்குப் பாலை வைச்சால் எறும்புதான் பெருகும், அக்கா."

அவர் அப்படித்தான். இளம்வயதில் சிவப்புச் சட்டைக்காரர்களோடு திரிந்தவர். சாமியும் இல்லை, பூதமும் இல்லை என்பார். நான் கோயிலுக்குப் போனால் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கோயில் வாசலுக்கு எதிரிலேயே காரை நிறுத்தி, மீன் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார். விரதக்காரர்கள் மணம் பிடித்துத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

வீட்டில் இன்னும் ஒருவர் இருந்தார். மேல் அறையில் வாடகைக்கு இருந்த தமிழ்நாட்டுப் பெண். டாக்டருக்குப் படித்துவிட்டு, இங்கே வேலை செய்வதற்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை விரதம், அறைக்குள் விளக்கு, ஊதுபத்தி என்று பக்திமான். பாம்பு வரப்போகிறது என்று சொன்னபோது முகம் வெளுத்துப் போனாலும், வாடகை குறைந்த இடம் என்பதால் பொறுத்துக்கொண்டார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை வேலையால் வந்து பாம்பைப் பார்க்கக் குனிந்தேன். கிண்ணத்துத் தண்ணீர் மங்கலாக இருந்தது. காலையில் நான் மாற்றி வைத்தது கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர். மணந்து பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கழுவி வேறு தண்ணீர் வைத்துவிட்டு, இரவு அவர் வந்ததும் சொன்னேன்.

"கிண்ணத்திலை ஆரோ என்னவோ கலந்திருக்கினம்."

"லண்டன் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு தானே" என்றார், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

சுண்ணாம்பு வெள்ளிக்கிழமை மட்டும் வருமா? அடுத்த வெள்ளியும் அதே மங்கல். அதற்குள் பாம்பும் சாப்பாட்டை நிறுத்தியிருந்தது. குளிர்காலத்தில் இந்த இனம் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை. யாரோ என் பாம்புக்கு நஞ்சு வைக்கிறார்கள். இரண்டு பேரில்தான் என் கண். ஒன்று மச்சாள், ஆனால் அவர் ஞாயிறில்தான் வருவார். மற்றது மேல் அறைப் பெண். கணவரை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அவருக்கு நஞ்சு வைக்கிற அளவுக்கு எதிலும் அக்கறை இல்லை என்பதுதான் அப்போது என் எண்ணம்.

கிண்ணத்துத் தண்ணீரை ஒரு சின்னப் போத்தலில் அடைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். மாணவர்கள் இல்லாத நேரம் பார்த்து ஒரு சொட்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். சின்னச் சின்ன உருண்டைகள் மிதந்தன. கொழுப்பு. மிச்சத்தில் புரதச் சோதனை செய்தேன், புரதம் இருந்தால் வருகிற ஊதா நிறம் மெல்லிதாகக் காட்டியது. நஞ்சைத் தேடிப் போனவளுக்குப் பால் அகப்பட்டது.

பால் என்றால் பக்தி. பக்தி என்றால் மேல் அறை. வெள்ளிக்கிழமையும் பொருந்துகிறது. அன்று பின்னேரம் அந்தப் பெண்ணைக் குசினியில் மறித்தேன்.

"பாம்புக்குப் பால் வைக்கிறது நீங்கள் தானே?"

"என்னக்கா சொல்றீங்க? நானா?"

"வெள்ளிக்கிழமையிலைதான் நடக்குது. இந்த வீட்டிலை வெள்ளிக்கிழமை விரதம் நீங்கள் ஒராள் தான்."

"விரதம் இருந்தா பாம்புக்குப் பால் ஊத்தணுமா? பாம்பு பால் குடிக்காதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? அந்தக் கண்ணாடிப் பக்கமே நான் திரும்பறதில்ல. அது முழிச்சிருக்கா தூங்குதான்னு தெரியல, கண்ணையே மூட மாட்டேங்குது."

பாம்புக்கு இமை கிடையாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. இவ்வளவு விரைவாகப் பதில் வருகிறதே, முதலே யோசித்து வைத்திருப்பாளோ என்றுதான் பார்த்தேன். அந்தப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போனவர், பிறகு கனநாள் குசினியில் சாப்பிடவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு மாசி மாத அரைத்தவணை விடுமுறை வந்தது. எனக்கும் விடுமுறை என்று வீட்டில் நான் சொல்லவில்லை. விடுமுறையிலும் ஆய்வுகூடத்தில் இருப்புக் கணக்கு எடுக்க வேண்டும் என்று ஒரு கதை விட்டேன். வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போலக் கோட்டும் கைப்பையுமாக வெளியே போய், தெருமுனை மட்டும் நடந்து, திரும்பி வந்து, சத்தமில்லாமல் முன்கதவைத் திறந்தேன். மேலே குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரிக்குள் புகுந்துகொண்டேன். வாக்யூம் கிளீனர், குடைகள், பழைய கம்பளிகள், அவற்றுக்கு நடுவில் நான். நான்கு பக்கமும் முட்டியது. கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் சாப்பாட்டு அறைக் கதவுக்கூடாகப் பாம்புக்கூடு நேரே தெரியும். மேலிருந்து அந்தப் பெண் இறங்கி வருவாள், கையும் மெய்யுமாகப் பிடிக்கலாம் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தேன்.

அந்தப் பெண் இறங்கி வந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு, புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விட்டார். கதவு சாத்தப்பட்டது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் வந்தார். தலையில் தண்ணீர் சொட்டியது. வேட்டி கட்டியிருந்தார். கலியாணத்துக்குப் பிறகு நான் அவரை வேட்டியோடு கண்டதில்லை. மேலில் ஒன்றும் இல்லை, அந்த மாசிக் குளிரில். அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். கையில் எவர்சில்வர் பேணி ஒன்று. தன் திறப்பைப் போட்டுக் கண்ணாடியைத் திறந்தார். தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுத்து வெறுமையாக்கி, பேணியில் இருந்த பாலை அதில் வார்த்தார். கிண்ணத்தைச் சட்டியின் வாசலுக்கு முன்னால் இரண்டு கையாலும் வைத்தார். பிறகு தரையில் சப்பாணி கட்டி இருந்தார்.

கும்பிடவில்லை. கதைக்கத் தொடங்கினார். வீட்டில் ஆள் இல்லாதபோது மனிதர்கள் கதைப்பதுபோல, சாதாரணக் குரலில்.

"எனக்குத் தேவாரம் ஒண்டும் வராது. உனக்கும் பால் ஒத்துவராது எண்டு தெரியும். கொஞ்ச நேரம் இருக்கட்டும், பிறகு எடுத்துப்போடுவன். ஒரு பிள்ளையைத் தா. பொம்பிளைப் பிள்ளையோ ஆம்பிளைப் பிள்ளையோ, ஏதெண்டாலும் சரி. அவ பாவம். நானும் பாவம்."

என் கால் எதிலோ பட்டது. வாக்யூம் கிளீனரின் குழாய் சரிந்து, குடைகளைத் தள்ளிக்கொண்டு, அலுமாரிக் கதவைத் திறந்து விழுந்தது. பின்னாலேயே நானும் வந்தேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழும்பவும் இல்லை.

"நீர் வேலைக்குப் போகேல்லையோ?"

"இல்லை."

"உதுக்குள்ளை என்ன செய்யிறீர்?"

"நீங்கள் இதிலை என்ன செய்யிறியள்?"

இரண்டு பேருக்கும் பதில் தெரியும். பாம்பு சட்டிக்குள்ளிருந்து தலையைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் கிண்ணத்தை எடுத்தார். பாலைக் குசினித் தொட்டியில் ஊற்றாமல் பின்தோட்டத்துக்குக் கொண்டுபோய் ரோசாச்செடியின் அடியில், யாருடைய காலும் படாத இடத்தில் ஊற்றினார். உள்ளே வந்து கிண்ணத்தைக் கழுவி, தண்ணீர் நிறைத்து வைத்து, கண்ணாடியைப் பூட்டினார். கழுவியது போதாது, அடியில் வழுவழுப்பு மிச்சம் இருந்தது. கண்ணாடிச் சாமான் கழுவிச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது தூரத்திலேயே தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை.

அவர் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தார். வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர். குசினி மேசையில் எதிரெதிரே இருந்தோம்.

"பாம்பு பால் குடிக்காது" என்றேன்.

"தெரியும்."

"சாமி இல்லை எண்டு சொல்லுறனீங்கள்."

"இப்பவும் அதைத்தான் சொல்லுறன்."

"அப்ப ஏன்?"

மேசைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்து விட்டார். "மற்றது எல்லாம் செய்து பாத்தாச்சு. இது ஒண்டுதான் மிச்சம் இருந்தது. நீர் பாம்பைக் கொண்டுவரட்டோ எண்டு கேட்ட உடனை எனக்கு அக்கா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. வெக்கமாய்த்தான் இருந்தது. எண்டாலும் ஓம் எண்டனான்."

என் சந்தேகம் சரிதான். அவர் ஓம் சொன்னதில் விஷயம் இருந்தது. அந்த விஷயம் என்னவென்றுதான் இத்தனை காலமும் தலைகீழாகப் பிடித்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, என்மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம்.

"பிள்ளை வேணும் எண்டால் ஆஸ்பத்திரிக்குப் போதும் எண்டு ஏன் சொன்னனீங்கள்? உங்களுக்கு ஆசையே இல்லை எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டு இருக்கிறன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அப்படி நினைத்திருப்பேன் என்று அவர் யோசித்தே பார்க்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"ஒவ்வொருக்காலும் சரிவரேல்லை எண்டு ஃபோன் வந்தாப் பிறகு, நீர் பாத்ரூமுக்குள்ளை போய்ப் பூட்டிக்கொண்டு, பைப்பைத் திறந்து விட்டிட்டு அழுவீர். எனக்குக் கேக்காது எண்டு நினைக்கிறனீர். நான் கதவுக்கு வெளியிலை நிப்பன். தட்டுறதோ விடுறதோ எண்டு தெரியாது. தட்டி, நீர் திறந்தால் என்ன சொல்லுறது எண்டும் தெரியாது. இன்னொருக்கா அந்த இடத்திலை நிக்க என்னாலை ஏலாது. அதுக்குத்தான் போதும் எண்டனான். பிள்ளை வேண்டாம் எண்டு நான் எப்ப சொன்னனான்?"

ஒருபோதும் சொல்லவில்லை. நான் நினைத்துப் பார்த்தேன். கார், பேப்பர், தோட்டம், தேத்தண்ணி எல்லாம் நான் சேர்த்து வைத்த சாட்சிகள். அவர் வாயால் அந்தச் சொல் வந்ததே இல்லை. பத்து வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்து, முட்டையைக்கூடத் திருப்பிப் பார்க்கிற நான், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் நின்றதை அறியவில்லை. அவர்மேல் எனக்கு அப்போது வந்த அன்பைத் தாங்க முடியவில்லை. எழும்பிப்போய் அவருடைய ஈரத் தலையை என் கோட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கோட்டைக் கழற்றாமலேயே இருந்திருக்கிறேன்.

மேல் அறைப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன நடந்தது என்று அவர் கேட்டார், தண்ணீரில் சுண்ணாம்பு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மச்சாளுக்கு இன்றுவரை தெரியாது. வெள்ளிக்கிழமைப் பால் தொடர்ந்தது. கிண்ணத்தைக் கழுவுகிற பொறுப்பை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். பங்குனியில் பாம்பு மறுபடி சாப்பிடத் தொடங்கியது.

அந்த வசந்தத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓம் சொன்னோம். இந்தமுறை அவர் காரைப் பூட்டிவிட்டு என்னோடு உள்ளே வந்தார். பேப்பரும் கொண்டுவந்தார், ஆனால் ஒரே பக்கத்தையே பிடித்துக்கொண்டு இருந்தார். ஊசி போடும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார், என் கையை விடவில்லை.

சரிவரவில்லை. தாதி ஃபோனில் சொன்னதைக் கேட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டு, நான் மேலே குளியலறைக்குப் போனேன். பைப்பைத் திறக்கவில்லை. கதவையும் பூட்டவில்லை. அவர் வந்து வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, குளியல்தொட்டி விளிம்பில் எனக்குப் பக்கத்தில் இருந்து, என்னைவிடச் சத்தமாக அழுதார்.